பெடல் அமுங்கினால் உடனே ஏர் எடுக்க உட்காராதீர்கள்

புது பிரேக் பேட் போட்டாயிற்று. வீல் மாட்டி, நட்டுகளை அளவாக முறுக்கி, காரை ஸ்டாண்டிலிருந்து இறக்கியும் ஆயிற்று. சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதித்தால் பழைய பிடிமானம் இல்லை, கால் உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. வீட்டில் பிரேக் வேலை செய்கிற யாருக்கும் என்றாவது இது நடக்கும். விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "ஏர் இருக்கும், ஏர் எடுங்க." அதாவது, பிரேக் ஆயில் ஓடும் லைனுக்குள் காற்று புகுந்திருக்கும், அதை வெளியே எடுக்க வேண்டும் என்பார்கள்.

பல நேரம் அது சரிதான். ஆனால் அது தவறாக இருக்கும்போது என்ன நடக்கிறது என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பாட்டில் பாட்டிலாக பிரேக் ஆயில் போகும், நாலு வீலும் சுற்றிச் சுற்றி வருவார்கள், குழாயில் ஒரு குமிழிகூட வராது, பெடல் மட்டும் அப்படியே இருக்கும். கடைசியில், பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டர் நன்றாக இருந்தும் அதைக் கழற்றிப் புதிது போடுவார்கள். என்ன கோளாறு என்பதைப் பெடலே ஓரளவு சொல்லிவிடும். அதைக் கேட்டுவிட்டு ஸ்பேனரை எடுத்தால் இந்த அலைச்சலில் பெரும்பகுதி மிச்சம்.

முதலில் ஒரு விஷயம், ஏனென்றால் இதில் உயிர் இருக்கிறது. புது பேட் தடிமனானது. அதற்கு இடம் கொடுக்க, பேட்டைத் தள்ளும் பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பீர்கள். பேட் டிஸ்க்கைத் தொடும்வரை பிஸ்டன் திரும்ப வெளியே வர வேண்டும்; அதுவரை முதல் சில மிதிகள் தரைவரை போகும். அது கோளாறு இல்லை. ஆனால் அந்தச் சில மிதிகளைக் கார் நிற்கும்போதே மிதித்துவிட வேண்டும். மிதிக்காமல் ரிவர்ஸ் எடுத்தால் பின்னால் இருக்கும் சுவர்தான் காரை நிறுத்தும். வேலை முடிந்ததும் இன்ஜினைத் தொடுவதற்கு முன் பெடலை மெதுவாக, பாதித் தூரம் பாதித் தூரமாக, அது கெட்டியாக மேலே வந்து நிற்கும்வரை மிதியுங்கள். அதற்குப் பிறகும் அமுங்கினால்தான் நாம் பேச வேண்டியது இருக்கிறது.

"பெடல் சரியில்லை" என்று பொதுவாகச் சொல்கிறோமே, அதற்குள் மூன்று தனித்தனி நோய்கள் இருக்கின்றன. ஒன்று, பெடல் கீழே போய்த்தான் பிடிக்கிறது, ஆனால் பிடித்த இடத்தில் கல்லாக நிற்கிறது. இரண்டாவது, எங்கே பிடித்தாலும் பஞ்சாக இருக்கிறது, அழுத்த அழுத்தக் கொஞ்சம் கொடுக்கிறது. மூன்றாவது, பிடிக்கிறது, ஆனால் காலை அழுத்தியபடியே வைத்திருந்தால் மெல்ல மெல்ல இறங்குகிறது. இவற்றின் காரணங்கள் பெரும்பாலும் வேறு வேறு.

இதைப் பிரித்துப் பார்க்க இன்ஜினை அணைத்துவிட்டு, பூஸ்டரில் இருக்கும் வேக்குவம் தீரும்வரை சில முறை மிதித்துவிடுங்கள். பூஸ்டரின் உதவி இருக்கும்போது காலுக்கு எதுவும் தெளிவாகத் தெரியாது. அப்புறம் நிதானமாக ஒரு முறை மிதித்து, பெடல் எந்த உயரத்தில் பிடிக்கிறது என்று பாருங்கள். பிறகு வேகமாக மூன்று நான்கு மிதி மிதித்து, கடைசி மிதியில் அழுத்திப் பிடியுங்கள். பெடல் மேலே ஏறி வந்து கெட்டியாக நின்றால் எங்கேயோ இடைவெளி அதிகம்: பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில், அல்லது பின்னால் டிரம்முக்கும் ஷூவுக்கும் நடுவில். ஏறி வந்தும் காலுக்கடியில் துள்ளிக்கொண்டே இருந்தால் காற்று, அல்லது அழுத்தத்தில் வளைகிற ஏதோ ஒன்று. பிடித்த பிறகு அரை நிமிடத்தில் இறங்கினால் வெளியே கசிவு இருக்கிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள் சீல் விடுகிறது. அழுத்திப் பிடித்திருக்கும்போதே இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் பெடல் கொஞ்சம் இறங்கும். அது பூஸ்டர் வேலை செய்வதற்கான அடையாளம், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

இடைவெளியைப் பலரும் சாதாரணமாக நினைத்துவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படித் தோன்றாது. முன்வீல் காலிப்பர் (பேட்டுகளைப் பிடித்து டிஸ்க்கைக் கவ்வும் பாகம்) பிஸ்டன் 54 மி.மீ. விட்டம் என்று வைத்துக்கொள்வோம். அதன் பரப்பு ஏறக்குறைய 23 சதுர செ.மீ. மாஸ்டர் சிலிண்டர் 22 மி.மீ.க்குச் சற்று மேல். பரப்பு 4 சதுர செ.மீ.கூட இல்லை. இப்போது இரண்டு முன்வீல்களிலும் பிஸ்டன் வழக்கத்தைவிட அரை மி.மீ. கூடுதலாக நகர வேண்டியிருந்தால் மாஸ்டர் சிலிண்டர் கிட்டத்தட்ட 6 மி.மீ. கூடுதலாக ஓட வேண்டும். பெடலின் நெம்பு விகிதம் நாலுக்கு ஒன்று என்றால் கால் 24 மி.மீ. கீழே போகும். ஏறக்குறைய ஒரு அங்குலம்! அரை மி.மீ. என்பது ஒரு துருப் படலம், ஒரு பேட்டின் லேசான சாய்வு, சரியாக உட்காராத ஒரு தகடு. அவ்வளவுதான்.

இதே அளவுகளை வைத்துக் காற்றையும் பார்க்கலாம். லைனுக்குள் 1 சி.சி. காற்று இருக்கிறது. பத்து மடங்கு வளிமண்டல அழுத்தம் வரும்போதே அது பத்தில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்கிவிடும். அதற்குள் பெடல் 9 மி.மீ. போயிருக்கும். அதற்கு மேல் ஐந்து மடங்கு ஓங்கி அழுத்தினாலும் இன்னும் ஒரு மி.மீ.கூடப் போகாது, ஏனென்றால் சுருங்குவதற்கு மீதி காற்றே கிடையாது. அதாவது, கொஞ்சம் காற்று இருந்தால் மிதியின் தொடக்கத்தில்தான் தளர்வு தெரியும், ஓங்கி மிதிக்கும்போது பெடல் கெட்டிப்படும். வளைந்த பேட் தகடோ, ஊதுகிற பழைய ஹோஸோ அப்படி இல்லை. எவ்வளவு ஓங்கி மிதிக்கிறோமோ அவ்வளவுக்குக் கொடுத்துக்கொண்டே போகும். காற்று நிறைய இருந்தால் இந்த வித்தியாசம் மங்கிவிடும் என்பது உண்மை. ஆனாலும் காலில் இதைப் பழகிக்கொள்வது நல்லது. நான் முதலில் கவனிப்பது இதைத்தான்.

அடுத்த கேள்வி இன்னும் எளிமையானது. லைன் எதையாவது திறந்தீர்களா? பேட் மட்டும் மாற்றி, காற்றை வெளியே விடுவதற்கான எந்த நிப்பிளையும் தளர்த்தாமல், ஹோஸைக் கழற்றாமல், டப்பாவில் ஆயில் வற்றாமல் பார்த்துக்கொண்டிருந்தால் புதிதாகக் காற்று எப்படி உள்ளே வந்திருக்கும்? வேலைக்கு முன் பெடல் நன்றாக இருந்து, இப்போது மட்டும் அமுங்கினால் சந்தேகம் முதலில் நீங்கள் கை வைத்த இடத்தின் மேல்தான் விழ வேண்டும். திறக்காத லைனில் ஏர் எடுக்க உட்கார்ந்தால், இல்லாத காற்றைத் தேடும் வேலையில் உண்மையிலேயே காற்றை உள்ளே விட்டுவிடும் வாய்ப்புதான் அதிகம்.

கை வைத்த இடத்தைப் பார்ப்பது என்றால், வீலைக் கழற்றிவிட்டுக் காலிப்பருக்கு எதிரே உட்கார்ந்து, இன்னொருவரைப் பெடலை மிதிக்கச் சொல்லிப் பார்ப்பது. நல்ல வெளிச்சம் வேண்டும். விரலை உள்ளே விடக் கூடாது, இதை மிதிப்பவரிடமும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். மெதுவாக மிதிக்கச் சொல்லுங்கள். பேட் இரண்டும் டிஸ்க்கைத் தட்டையாகத் தொட வேண்டும். ஒரு முனை முதலில் தொட்டு, அழுத்தம் ஏற ஏற மறுமுனை படிவதைக் கண்ணால் பார்க்க முடிந்தால் அமுங்கலுக்குக் காரணம் அதுதான். காலை எடுத்ததும் காலிப்பர் முழுதுமாக ஒரு பக்கம் துள்ளித் திரும்புகிறதா என்றும் பாருங்கள். துள்ளினால், காலிப்பர் பக்கவாட்டில் நகர உதவும் ஸ்லைடு பின் இறுகியிருக்கலாம். அல்லது பின் ஓடும் துளையில் கிரீஸை அளவுக்கு மேல் அடைத்திருக்கலாம். கிரீஸ் போக இடமில்லாமல் அடியில் அழுந்தி, பின்னை ஒவ்வொரு முறையும் திருப்பித் தள்ளும். பின்னில் மெல்லிய பூச்சு போதும், துளையை நிரப்பத் தேவையில்லை.

பேட் சாய்வதற்கு நான் அதிகம் பார்த்த காரணம் துரு. பேட்டின் காது உட்காரும் இடத்தில், ஸ்டீல் கிளிப்புக்கு அடியில், துரு ஏடு ஏடாக வளரும். புது கிளிப்பை அதன் மேலேயே அழுத்தி மாட்டினால் பேட் இறுகி உட்காரும். கம்பி பிரஷ்ஷால் உலோகம் தெரியும்வரை தேய்த்தால் பேட் விரலால் தள்ளினாலே நகரும். அப்படி நகர்ந்தால்தான் சரி. என் காரில் பார்த்த இன்னொன்று, தேய்ந்த டிஸ்க்கின் வெளி விளிம்பில் நிற்கும் மேடு. பழைய பேட் அந்த மேட்டுக்கு உள்ளேயே தேய்ந்து பழகியிருக்கும். புது பேட் ஒரு நூல் உயரமாக இருந்துவிட்டால் அதன் ஓரம் மேட்டின் மேல் ஏறி நிற்கும், நடுப்பகுதி டிஸ்க்கைத் தொடவே தொடாது. கழற்றிப் பார்த்தபோது பேட்டின் மேல் ஓரத்தில் மட்டும் கத்தியால் கீறினாற்போல் பளபளவென்று ஒரு கோடு. மீதியெல்லாம் கடையிலிருந்து வந்த நிறத்திலேயே இருந்தது. அந்த ஒரு கோட்டைப் பார்த்த பிறகு வேறு விளக்கமே தேவைப்படவில்லை. டிஸ்க்கை மாற்றினேன், பெடல் சரியாகிவிட்டது.

டிஸ்க்கும் புதிது என்றால் அது உட்காரும் ஹப்பின் முகத்தைப் பார்க்க வேண்டும். அங்கே துருத் துணுக்கு ஒன்று சிக்கியிருந்தால் டிஸ்க் ஒரு சுற்றுக்கு ஒருமுறை பக்கவாட்டில் ஆடும். ஆடுகிற டிஸ்க் பேட்டைத் தள்ளி, பிஸ்டனை உள்ளே தள்ளும். நின்ற இடத்தில் மிதித்தால் பெடல் அருமையாக இருக்கும். கொஞ்சம் ஓட்டிவிட்டு மிதித்தால் முதல் மிதி கீழே போகும், இரண்டாவது மிதி சரியாகிவிடும். வீல் பேரிங் லூஸ் இருந்தாலும் இதே கதைதான். இந்த அறிகுறி இருக்கும்போது ஏர் எடுப்பதில் ஒரு பயனும் இல்லை.

பின்னால் டிரம் இருந்தால், ஷூவின் இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரை மறக்காதீர்கள். ஷூ மாற்றும்போது அதை உள்ளே சுருட்டியிருப்பீர்கள். டிரம்மை மாட்டிய பிறகு ஷூ லேசாக உரசும்வரை வெளியே கொண்டுவர வேண்டும். பின்னாலும் டிஸ்க் இருந்து, ஹேண்ட்பிரேக் அதே காலிப்பரில் வேலை செய்தால், பல கார்களில் பிஸ்டனைத் தள்ளக் கூடாது, திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். அதன் முகத்தில் இருக்கும் வெட்டுக்குள் பேட்டின் பின்புறக் குமிழ் சரியாக உட்கார வேண்டும். உட்காராவிட்டால் பேட் சாய்ந்தே இருக்கும். ஹேண்ட்பிரேக் மோட்டாரில் ஓடும் கார் என்றால் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோகாமல் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

சரி, லைனைத் திறந்திருக்கிறீர்கள், காற்று இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அதை உறுதி செய்ய எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. பானட்டைத் திறந்து டப்பாவின் மூடியைத் தளர்த்தி அதன் மேலேயே வைத்துவிட்டு, உதவிக்கு இருப்பவரை வேகமாகப் பலமுறை மிதித்து அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு மூடியை எடுத்துவிட்டு, சற்றுத் தள்ளி நின்று, சட்டென்று காலை எடுக்கச் சொல்லுங்கள். ஆயிலின் மேற்பரப்பு லேசாகச் சுழித்தால் அது இயல்பு. ஊற்றுப்போல எழும்பினால், சுருங்கியிருந்த காற்று விரிந்து ஆயிலைத் திருப்பித் தள்ளுகிறது என்று அர்த்தம். பெயிண்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள், பிரேக் ஆயில் பெயிண்டை உரித்துவிடும்.

ஏர் எடுக்கும் முறை பலருக்கும் தெரியும்: மிதித்துப் பிடிப்பது, நிப்பிளைத் திறப்பது, மூடுவது, அப்புறம்தான் காலை எடுப்பது. கோளாறு பெரும்பாலும் இருவருக்கும் நடுவில் நடக்கும் பேச்சில்தான். "ம்" என்று ஒருவர் சொன்னது திறந்துவிட்டேன் என்றா, மூடிவிட்டேன் என்றா? நிப்பிள் திறந்திருக்கும்போதே கால் மேலே வந்தால் போன காற்று திரும்ப உள்ளே வரும். அதனால் நாங்கள் "பிடி", "மூடிட்டேன், விடு" என்று ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்வோம். மெதுவாக மிதிப்பது முக்கியம். படபடவென்று மிதித்தால் ஒரு பெரிய குமிழி நூறு சின்னக் குமிழியாக உடைந்து ஆயிலோடு கலந்துவிடும், பிறகு அதை வெளியே கொண்டுவரக் காத்திருக்க வேண்டும். பழைய கார் என்றால் பெடலுக்கு அடியில் மரக்கட்டை ஒன்றை வையுங்கள். வழக்கமாகப் போகாத ஆழத்துக்குப் பிஸ்டன் போனால், அங்கே படிந்திருக்கும் அழுக்கும் துருவும் சீலைக் கிழிக்கும். ஏர் எடுக்கப் போய் மாஸ்டர் சிலிண்டர் போன கதைகளில் பல இப்படித்தான்.

நிப்பிளில் வேக்குவம் பம்ப் மாட்டி உறிஞ்சுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குமிழி நிற்கவே இல்லை என்றால், அது லைனிலிருந்து வராமல் தளர்ந்த நிப்பிளின் மரை வழியாக வெளிக்காற்றாகவும் வரலாம். அதைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கடைசியில் ஒருமுறை பெடலால் எடுத்துப் பாருங்கள்.

குமிழியே வராமல் பெடல் மட்டும் அமுங்குவது இதைவிடக் குழப்பமானது. நண்பர் ஒருவர் முன்வீல் காலிப்பர் இரண்டையும் வீட்டில் மாற்றினார். "சுத்தமா வருதுடா, ஒரு குமிழிகூட இல்ல. ஆனா மிதிச்சா உள்ள போகுது" என்று என்னைக் கூப்பிட்டார். போய்க் குனிந்து பார்த்தால் நிப்பிள் காலிப்பரின் அடியில் இருந்தது. இடதுபக்கக் காலிப்பர் வலதிலும், வலதுபக்கத்தது இடதிலும் மாட்டப்பட்டிருந்தன. பல காலிப்பர்கள் எந்தப் பக்கத்திலும் கச்சிதமாக மாட்டிக்கொள்ளும்; போல்ட்டும் ஹோஸும் ஒத்துவரும். ஆனால் காற்று மேலே போய் நிற்கும், வழி கீழே இருக்கும். எவ்வளவு ஆயில் விட்டாலும் காற்றுக்கடியில் ஆயில் மட்டும் ஓடி வெளியே வரும். பக்கம் மாற்றி மாட்டி, நிப்பிள் மேலே வந்ததும் முதல் மிதியிலேயே குழாயில் காற்று கொப்பளித்துக்கொண்டு வந்தது. சில காலிப்பர்களில் சரியான பக்கத்திலேயே நிப்பிள் உச்சியில் இருக்காது. அப்போது காலிப்பரைக் கழற்றி, பேட்டுகளுக்கு நடுவில் மரத்துண்டை வைத்து, நிப்பிள் உச்சிக்கு வரும்படி சாய்த்துப் பிடித்து எடுக்க வேண்டும்.

மாஸ்டர் சிலிண்டரே காலியாகிவிட்டாலோ புதிது போட்டாலோ, அதை முதலில் தனியாக வைஸில் பிடித்துக் காற்று எடுத்துவிட்டுத்தான் காரில் மாட்ட வேண்டும். அதற்குள் நிற்கும் காற்றை நாலு மீட்டர் தள்ளியிருக்கும் நிப்பிள் வழியாக விரட்டுவது பெரும் பாடு. ஏபிஎஸ் பெட்டிக்குள் காற்று போய்விட்டால் பல கார்களில் ஸ்கேனர் மாட்டி அதன் வால்வுகளையும் பம்பையும் ஓடவிட்டால்தான் வெளியே வரும். வீட்டில் அந்தக் கருவி இல்லையென்றால் இந்தக் கட்டத்தில் வேலையைத் தெரிந்தவர்களிடம் கொடுத்துவிடுவதுதான் சரி. ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், ஏற்றி அனுப்புங்கள்.

எந்த வீல் என்றே பிடிபடவில்லையா? ரப்பர் ஹோஸ் இருக்கும் கார்களில், அதற்கென்று இருக்கும் உருண்டை விளிம்புக் கிளாம்பால் ஹோஸை ஒவ்வொன்றாக அழுத்தி மூடிப் பெடலை மிதித்துப் பாருங்கள். எதை மூடும்போது பெடல் சட்டென்று கெட்டியாகிறதோ, கோளாறு அந்த வீலில். எல்லாவற்றையும் மூடிய பிறகும் அமுங்கினால் மாஸ்டர் சிலிண்டர் அல்லது ஏபிஎஸ் பக்கம் போகலாம். சாதாரண கட்டிங் பிளேயரால் ஹோஸைக் கடிக்காதீர்கள், உள்ளே கிழிந்துவிடும். கம்பி பின்னிய ஹோஸில் கிளாம்பே போடக் கூடாது.

ஆயிலைப் பற்றிச் சுருக்கமாக. டப்பா மூடியில் எந்த டாட் எண் இருக்கிறதோ அதையே ஊற்றுங்கள், புதிதாகத் திறந்த பாட்டிலிலிருந்து. டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் உறிஞ்சிய நிலைக்கு அந்த எல்லை 155 டிகிரி. டாட் 3க்கு இவை 205, 140. குளிர்ந்திருக்கும்போது நன்றாக இருந்து, மலை இறக்கத்தில் மட்டும் பெடல் பஞ்சானால் ஆயில் கொதித்து ஆவி ஆகியிருக்கலாம்; அது வேறு கோளாறு, முழு ஆயிலையும் மாற்ற வேண்டும். டாட் 5 சிலிக்கான் வகை, மற்றவற்றோடு கலக்கக் கூடாது. இன்ஜின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ ஒரு சொட்டு போனாலும் ரப்பர் சீல்கள் ஊதிக் கெடும்.

எல்லாம் முடிந்து பெடல் கெட்டியாக நின்றால், ஆளில்லாத சமதளத்தில் நடைவேகத்தில் சில முறை நிறுத்திப் பாருங்கள். ஹேண்ட்பிரேக் வேலை செய்கிறதா என்று அதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டும். பேட் படியும்வரை பெடல் சற்றே தளர்வாகத் தோன்றுவது உண்டு. நாளுக்கு நாள் கெட்டிப்பட வேண்டுமே தவிர இறங்கக் கூடாது. மறுநாள் காலை டப்பாவில் மட்டம் குறைந்திருக்கிறதா, வீலின் உட்புறம் ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள். ஹோஸைக் கழற்றி மாட்டியிருந்தால் அதன் போல்ட்டின் இரு பக்கமும் இருக்கும் செம்பு வாஷர்களைத்தான் முதலில் தடவிப் பார்க்க வேண்டும். பழைய வாஷரையே திரும்பப் போட்டு அங்கே கசிந்தால், மேலும் மேலும் முறுக்காமல் புது வாஷர் போட்டு, அந்த வீலில் மட்டும் ஏர் எடுத்துவிடுங்கள்.